படத்தில் கண்டுள்ளபடி

அன்பும், என் விஷயத்தில் மிகுந்த பொறுமையும் உள்ள அக்காள் மகளுக்கு,

கீழ்த்தளத்திலிருந்து உன் தாய்மாமன் ஆசிகளுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முழங்காலைச் சேர்த்து எழுதுவதா, விட்டுவிட்டு எழுதுவதா என்று தெரியாமல் முதல் தாளைக் கிழித்துப் போட்டேன். முழங்கால் நீங்கலாக நலம். கட்டடம் மிகவும் நலம். இப்போதைக்கு எங்கள் எல்லோரையும்விட அதுதான் நலமாக இருக்கிறது.

அன்றைக்குத் தொலைபேசியில் நீ, "மாமா, அம்மாவ மேலயே பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாய். நான் இல்லை என்றேன். பிறகு, ஒரு வகையில் ஆமாம் என்றும் சொல்லலாம் என்றேன். அதற்குள் நீ வைத்துவிட்டாய். எனக்குப் பதில் எப்போதுமே பேச்சு முடிந்த பிறகுதான் தோன்றும். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நடுவில் எங்காவது என் பக்கத்து நியாயத்தைப் பேசத் தொடங்கினேன் என்றால் அந்த வரியைத் தாண்டிப் படித்துக்கொள். நானும் திரும்பப் படிக்கும்போது அப்படித்தான் செய்யப்போகிறேன்.

கட்டடம் உனக்கு நினைவிருக்கும். நகரத்தின் நடுவில், இரண்டு கடைத்தெருக்கள் முட்டிக்கொள்ளும் மூலையில், கப்பலின் மூக்கைப்போல வளைந்த முகப்போடு நிற்கிறதே, அதேதான். ஒரு காலத்தில் கப்பல் சரக்குக்குக் காப்பீடு செய்தவர்களின் தலைமை அலுவலகமாம். மாடிப்படிக்கு மேலே வண்ணக் கண்ணாடி. பிற்பகலில் அதன் சிவப்பும் பச்சையும் படிகளில் விழும்போது நீ பச்சையை மட்டும் மிதித்து ஏறுவாய், சிவப்பு வந்தால் மாமா தூக்க வேண்டும். படிகள் சுற்றி ஏறும் நடுவில் இரும்புக் கம்பிக் கூண்டாக ஒரு லிப்ட். நீ கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அது முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், எதையோ மறந்துவிட்டு வந்த ஆளைப்போல நின்றது. இன்னும் யோசித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது.

இதை இடித்துவிட்டு அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் இடம் கட்டுவதற்கு ஒரு கட்டுமானக்காரர் கிளம்பினார். அவர் அலுவலகம் எதிர்ச் சாரியிலேயே இருக்கிறது. ஜன்னலில் நின்று தேநீர் குடித்தபடி எங்கள் கட்டடத்தைப் பார்ப்பார், சாப்பாட்டு மேசையில் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டவர் பார்ப்பதுபோல. எங்கள் குடியிருப்போர் சங்கம் அப்போதுதான் விழித்துக்கொண்டது. சங்கத் தலைவர் இரண்டாம் மாடிப் பல் மருத்துவர். ஓயாமல் பேசுவார். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் கேட்பது அவருக்குத் தொழிலில் பழகிப்போன விஷயம். ஆனால் சங்கத்தின் தளபதி உன் அம்மாதான். தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் அல்லவா? பழைய நோயாளிகளை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தாள். "உன் வயித்துல தையல் போட்டப்ப கையப் பிடிச்சிக்கிட்டு நின்னவ பேசறேன். காலைல எங்க வாசல்ல வந்து நில்லு" என்பாள். வந்து நின்றார்கள். இடிக்க வந்த இயந்திரம் அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மாடிக்கும் வாசலுக்கும் ஏறி இறங்கியதில், ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த முழங்கால் முழு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. இனிமேல் படியே கூடாது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அப்போதும் அவள் கலங்கவில்லை. பல் மருத்துவர் வாக்குக் கொடுத்திருந்தார்: "அக்கா, இது மரபுக் கட்டடம், இடிக்கக் கூடாதுன்னு அங்கீகாரம் மட்டும் வரட்டும். மொத வேலை லிப்டுதான்."

அங்கீகாரத்துக்கு வரைபடங்கள் வேண்டும் என்றது மரபுக் கட்டட அலுவலகம். நில அளவை அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் வரைவாளராக இருந்த ஒருவன் கீழ்த்தளத்திலேயே கிடைக்கும்போது வெளியில் தேடுவானேன்? என்னால் முடியுமா என்று கேட்டேன். அதை யாரும் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. மடக்குக்கோலும் கயிறும் எடுத்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தேன். எங்கள் பழைய மேலதிகாரி, "இருக்கறத வரைய்யா, இருக்கணும்னு நீ ஆசைப்படறத வரையாதே" என்று சொல்லிச் சொல்லியே என் கையை உருவாக்கியவர். இருப்பதை வரைந்தேன். அக்கா ஏறும்போது உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்காக முதல் திருப்பத்தில் நான் போட்டுவைத்த முக்காலியை வரைந்தேன். படியோரச் சுவரில் பல் மருத்துவரின் பெயர்ப்பலகை ஒரு பக்கம் சாய்ந்து தொங்குவதைச் சாய்த்தே வரைந்தேன். லிப்டை நின்ற இடத்திலேயே நிறுத்தி வரைந்தேன். மனிதர்களை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் மனிதர்களை வரைவதில்லை. அளந்து முடிக்கும்வரை அவர்கள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள்.

முகப்பை எதிர்ச் சாரியில் நின்றுதான் வரைந்தேன். உயரம் எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். நாற்காலி மேல் ஏறி விளக்கு மாட்டினாலே உள்ளங்கால் கூசும். வீடு வாங்கியபோது அக்கா மூன்றாம் மாடியையும் நான் கீழ்த்தளத்தையும் எடுத்துக்கொண்டதே அதனால்தான். இத்தனை காலமாக அவள் வீட்டுக்குத் தினமும் போயிருக்கிறேன். பால்கனிக்கு முதுகைக் காட்டியபடி, கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். சரி, முகப்புக்கு வருகிறேன். நான் வரைந்துகொண்டிருந்தபோது உன் அம்மா பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய கூடையில் பால் பாக்கெட்டை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடி ஜன்னலில் பல் மருத்துவர் தலையை நீட்டினார். அவரோடு பேச்சு வந்தது, கூடை அங்கேயே நின்றது. பேச்சு முடிவதற்குள் நான் கூடையை வரைந்து முடித்துவிட்டேன்.

அங்கீகாரம் வந்தது. "இணைக்கப்பட்ட வரைபடங்களில் கண்டுள்ளபடி இக்கட்டடம் எவ்வித மாற்றமுமின்றிப் பேணப்பட வேண்டும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். 'கண்டுள்ளபடி' என்றது என் கையை அல்லவா? அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வயதில் அது தேவையா என்று இப்போது நினைக்கிறேன்.

விழா அன்று நீ வரவில்லை. உன் அம்மாவும் மேலிருந்து பார்த்தாளே தவிர அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வழுக்கைகள்தான். அதனால் கீழே நடந்ததை நான்தான் சொல்லியாக வேண்டும். வாசலில் பந்தல், நாற்காலிகள், துணி போர்த்திய ஒரு பித்தளைப் பலகை. 'வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டடம்' என்று பொறித்தது. பல் மருத்துவர் பேசினார். நடுவில் மூன்றாம் மாடியிலிருந்து, "சத்தமாப் பேசுங்க டாக்டரே, இங்க ஒண்ணும் விழல" என்று குரல் வந்தது. அவர் இன்னும் சத்தமாக, "இந்தக் கட்டடத்துல சார் வரையாம விட்டது எதுவுமே இல்ல" என்று என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு வந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

துணியை விலக்கினார்கள். பலகையைச் சுவரில் பொருத்தத் துளையிடும் ஆள் கருவியைத் தூக்கினார். அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர், எனக்குப் பேத்தி இருந்தால் அவள் வயது இருக்கும் பெண், கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம் சார்" என்றாள். மடியில் என் வரைபடம் விரிந்திருந்தது. "இந்தப் பலகை படத்துல இல்லையே" என்றாள்.

"இன்னிக்குத்தானே செஞ்சு வந்திருக்கு, எப்படிம்மா இருக்கும்?" என்றார் பல் மருத்துவர்.

"இல்லாதத மாட்ட முடியாது சார். கட்டடத்துக்கு மரியாதை செய்யறது முக்கியம்தான். அதுக்காகச் சுவர்ல ஓட்டை போட முடியுமா?"

கைதட்டல் பாதியில் நின்றது. பலகை இப்போது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் வரலாற்றுச் சிறப்பின் மேல் இடிக்கிறது.

ஆய்வாளர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினாள். நானும் பல் மருத்துவரும் பின்னால் போனோம். பொல்லாத பெண் என்று நினைக்காதே. மிகவும் மரியாதையாகப் பேசுகிறாள். செய்கிற வேலையில் ஒழுங்கு. எனக்கு அப்படி ஒரு உதவியாளர் கிடைத்திருந்தால் என்று நான் ஏங்கியிருக்கிறேன். அதுதான் என் வேதனை. முக்காலியைத் தொட்டுப் பார்த்தாள். "இது படத்துல இருக்கு. பத்திரமாப் பாத்துக்கணும். யாரும் உக்காரக் கூடாது, பழசு" என்றாள். அது பழசு இல்லை, சந்தையில் நான் வாங்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுத்த படிக்குப் போய்விட்டாள். சாய்ந்த பெயர்ப்பலகையை நிமிர்த்தப்போன பல் மருத்துவரின் கையைக் கண்ணாலேயே தடுத்தாள். பிறகு லிப்டுக்கு முன்னால் வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "அழகா வரைஞ்சிருக்கீங்க சார். அப்படியே இருக்கு" என்றாள்.

"அடுத்த வாரம் இதச் சரி பண்ண ஆள் வர்றாங்க" என்றார் பல் மருத்துவர்.

"முடியாது சார். இது ரெண்டு மாடிக்கும் நடுவுல இருக்கணும்."

"ஓடாத லிப்ட ஓட வெச்சா தப்பாம்மா?"

"ஓடினா இடம் மாறுமே சார்."

வாழ்க்கையில் முதல்முறையாகப் பல் மருத்துவர் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் நின்றார்.

மூன்றாம் மாடியில் உன் அம்மா அந்தப் பெண்ணுக்குத் தேநீர் கொடுத்தாள். லிப்ட் விஷயத்தை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் முகத்திலேயே படித்துவிட்டாள். செவிலி அல்லவா? கூடை விஷயத்தைத்தான் ஆய்வாளர் சொன்னாள்: அலுவலகத்திலிருந்து பார்வையிட வரும்போது கூடை இரண்டாம் மாடி உயரத்தில் தெரிய வேண்டும். "அப்ப என் பால் பாக்கெட்டு நடு வானத்துலயே நிக்கணுமா?" என்றாள் அக்கா. "வர்றதுக்கு முன்னாடி போன் பண்றேம்மா" என்றது அந்தப் பெண். கூடையைக் கேட்டுச் சிரித்தாலும் சிரித்திருப்பாள் உன் அம்மா. சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கதவை ஒட்டிய நாற்காலியில், வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்தது முதுகில் தெரிந்தது.

திருத்திய வரைபடம் ஒன்று கொடுத்துவிடலாம், லிப்டைக் கீழே இறக்கி வரைந்துவிடலாம் என்று யோசித்தேன். ஆய்வாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அப்ப மொதப் படம் தப்புன்னு எழுதிக் குடுக்கணும் சார். தப்பான படத்த வெச்சு வாங்கின அங்கீகாரம் செல்லாது. ரத்தாயிடும்" என்றாள். ரத்தானால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. எதிர்ச் சாரி ஜன்னலில் தேநீர்க் கோப்பை தெரிந்தது. அந்தப் பெண்ணின் மேலதிகாரியையே பார்த்து முறையிடலாம் என்று நேரில் போனேன். 'ஐயா, படம் சரி, ஆனால் லிப்ட் ஓட வேண்டும்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போன வாக்கியம், அவர் அறைக்குள் நுழைந்ததும் எங்கோ போய்விட்டது. அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். என் முக்காலிப் படத்தைச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். "இந்த மாதிரி படம் எங்களுக்கு வந்ததே இல்ல. பழைய தபால் நிலையத்தையும் நீங்கதான் வரையணும்" என்றார். லிப்டைச் சரிசெய்ய அனுமதி கேட்கப் போனவன், தபால் நிலையத்தை வரைய ஒப்புக்கொண்டு வீடு திரும்பினேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். சொல்லிக்கொள், எனக்குக் கேட்காது.

அன்று மாலை சங்கம் அக்காவின் வீட்டில் கூடியது. அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. உன் அம்மா ஒரே பேச்சில் முடித்தாள்: "அத்தனை பேர வாசல்ல நிக்க வெச்சது கார் நிறுத்தறதுக்கா? கட்டடம் எங்கயும் போகக் கூடாது. நான் என் மக வீட்டுக்குப் போறேன். அவ ஊர்ல தரையோட வீடு." என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அதன் பிறகு நான் மேலே போகவில்லை.

ஒருநாள் போனேன். மறைக்கவில்லை. 'போகாதே அக்கா' என்று சொல்வதற்காகப் புறப்பட்டேன். முதல் மாடி தாண்டியதும், அவளை மேலே நிறுத்திவைத்தவனே நான், அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. உட்கார்ந்து யோசிக்கலாம் என்றால் முக்காலியில் உட்காரக் கூடாது. லிப்டுக்கு நேராக, அதைப்போலவே, ஏறாமலும் இறங்காமலும் கொஞ்ச நேரம் நின்றேன். வண்ணக் கண்ணாடியின் சிவப்பு வந்து என் காலில் விழுந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

ஆகவே சீக்கிரம் வந்து உன் அம்மாவை அழைத்துப் போ. அதுதான் சரி என்று பல வழிகளிலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கலாம் என்று பல் மருத்துவர் சொன்னதற்கு, "எத்தனையோ பேரத் தூக்கச் சொன்னவ நான், என்ன யாரும் தூக்க வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அதை நீதான் பேசிப் பார்க்க வேண்டும். அவளுக்குத் தேநீரில் சர்க்கரை பாதிதான். காலையில் செய்தித்தாளை யாராவது அவளுக்கு முன்னால் பிரித்துவிட்டால் அன்று முழுவதும் பேச மாட்டாள். இதெல்லாம் உனக்குத் தெரியும். எழுதும்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதால் எழுதினேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எப்போதுமே தனிக்கட்டை, பழகிவிட்டது; மாலையில் தேநீர் நேரம்தான் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகள் படிப்பிலும் உயரத்திலும் வளர என் ஆசிகள். உயரம் அவர்களைப் பயமுறுத்தாமல் இருக்கட்டும். உன் புது வீட்டின் முகவரி என்னிடம் இல்லை. உறையை ஒட்டிக் கூடையில் வைக்கிறேன். உன் அம்மா முகவரி எழுதி இறக்குவாள்.

என்றும் உன் நலம் நாடும்,
கீழ்த்தளத்து மாமா.

பின்குறிப்பு (சில நாட்கள் கழித்து, உன் அம்மா பிரித்துத் திருப்பிக் கொடுத்த இதே கடிதத்தின் அடியில்): நீ வர வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு; கிழித்துப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உறை மேலே போயிற்று. கீழே வரவில்லை. ஒட்டிய உறையைக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டிப் பிரிப்பது உன் அம்மாவுக்குக் கைவந்த கலை என்பதை நான் மறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பால்கனியிலிருந்து தெரு முழுவதற்கும் கேட்கும்படி குரல் வந்தது: "டேய், இத்தன பக்கம் எழுதியிருக்க. 'நீ கீழ வந்துடுக்கா, நான் மேல போறேன்'னு ஒரு வரி எழுத உனக்குக் கை வரலயாடா?" எதிர் ஜன்னலில் கட்டுமானக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் வாசலில் நின்று, "எனக்கு உயரம் ஆகாதேக்கா" என்றேன். "எனக்குப் படி ஆகாது. யாராவது ஒருத்தர் ஆகாதது ஒண்ணச் செய்யணும்ல" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்று, குழந்தைகள் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்றேன். தொடக் கூடாது என்றாள். தொடவில்லை. கடைசித் திருப்பத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். "உக்காரக் கூடாதுக்கா" என்றேன். "அந்தப் பொண்ணு வந்தா எந்திரிச்சுக்கறேன்" என்றாள்.

இப்போது அவள் கீழே, நான் மேலே. பித்தளைப் பலகையை ஒரு பெட்டி மேல் கிடத்தி, அதில் முழங்காலை நீட்டி வைத்துக்கொள்கிறாள், குளிர்ச்சியாக இருக்கிறதாம். செய்தித்தாள் முதலில் அவளுக்குத்தான் கிடைக்கிறது. மாலையில் நான் இறங்கி வருகிறேன், தேநீர் அங்கேதான். காலையில் மட்டும் கூடையை நான் இறக்க வேண்டும். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினேன். "கண்ணத் தொறடா, கூடை என் தலையில வந்து உக்காருது" என்றாள். இப்போது ஒரு கண்ணைத் திறந்து இறக்குகிறேன்.

ஆய்வாளரும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கீழே அக்காவைப் பார்த்தாள், மேலே என்னைப் பார்த்தாள், படத்தை விரித்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, அங்கிருந்தே மேலே பார்த்து, "மனுஷங்க யாரும் படத்துல இல்ல சார். நீங்க மாறிக்கலாம்" என்றாள்.

என்றைக்காவது நீ இந்தப் பக்கம் வந்தால் கீழ்க் கதவைத் தட்டு, உன் அம்மா திறப்பாள். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலில் நின்று கூப்பிடு. எட்டிப் பார்க்க முயல்கிறேன்.